முந்துவது யார்? காத்திருப்பது யார்?

வங்கி, ஆஸ்பத்திரி, கல்லூரி, சர்க்கார் ஆபீஸ் எங்கே போனாலும், ஏதாவது ஒரு மூலையில், ஓர் இரும்பு அலமாரிக்குள், வரிசை வரிசையாகத் துளைகள் உள்ள தட்டையான பெட்டி ஒன்று இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி செருகியிருக்கும். பச்சை விளக்குகள் ஓயாமல் கண் சிமிட்டிக் கொண்டிருக்கும். அதற்கு நெட்வொர்க் ஸ்விட்ச் என்று பெயர். பார்ப்பதற்குச் சாதுவான பெட்டி. ஆனால் இன்று உலகத்தில் பேச்சு, கடிதம், பணம், படம், வைத்திய ரிப்போர்ட் ஆகிய எல்லாமே இப்படிப்பட்ட பெட்டிகளின் வழியாகத்தான் போய் வருகின்றன.

ரயில்வே ஜங்ஷனில் உள்ள கைகாட்டி மரத்துக்கு என்ன வேலையோ, அதே வேலைதான் இந்தப் பெட்டிக்கும். வந்ததை வாங்கி, போக வேண்டிய திசையில் அனுப்ப வேண்டும். இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் வந்து, இரண்டும் ஒரே தண்டவாளத்தில் போக வேண்டுமென்றால் என்ன செய்வது? ஒன்றை முன்னால் விட வேண்டும். மற்றொன்றை நிறுத்தி வைக்க வேண்டும். எதை விடுவது? எதை நிறுத்துவது? அதைத் தீர்மானிப்பது யார்?

இன்ஜினீயர்கள் பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டிய சங்கதி என்றுதான் இது முதலில் தோன்றும். ஆனால் இதே கேள்வி அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கோர்ட்டு ஏறி இறங்கியிருக்கிறது. இந்தியாவில் லட்சக் கணக்கான பொதுமக்களை மனுப் போட வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் காட்டுத் தீயை அணைக்கப் போனவர்களைத் திண்டாட வைத்திருக்கிறது. ஆகவே இதை நாமும் சற்று விவரமாகத் தெரிந்து கொள்வது நல்லது.

புதிய சண்டை அல்ல

யார் முந்துவது என்ற தகராறு கம்பி பிறந்த போதே பிறந்தது. 1860-ல் அமெரிக்கக் காங்கிரஸ், பசிபிக் கரை வரை தந்திக் கம்பி போடுவதற்காக ஒரு சட்டம் செய்தது. யார் தந்தி கொடுத்தாலும், வந்த வரிசைப்படியே பாரபட்சம் இல்லாமல் அனுப்ப வேண்டும் என்று அதில் விதித்திருந்தார்கள். ஒரே ஒரு விலக்குத்தான். சர்க்கார் தந்திக்கு மட்டும் முன்னுரிமை உண்டு.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கதை இன்னும் சுவையானது. கன்சாஸ் நகரத்தில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இருந்தார். சவ அடக்கம் செய்து கொடுப்பது அவர் தொழில். டெலிபோன் ஆபீஸில் இணைப்புக் கொடுத்த பெண்மணி, தமக்கு வர வேண்டிய அழைப்புகளைத் தம்முடைய போட்டிக்காரருக்குத் திருப்பி விடுவதாக அவருக்குச் சந்தேகம் வந்ததாம். "இடையில் மனிதரே இல்லாமல் செய்து விட்டால்?" என்று யோசித்தார். 1891-ல் தானியங்கி டெலிபோன் ஸ்விட்சுக்குப் பேடண்டு பெற்றார். மறு ஆண்டே இண்டியானா மாகாணத்தின் லா போர்ட் ஊரில் அப்படிப்பட்ட எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. அந்தப் பெண்மணியைப் பற்றிய கதையில் எவ்வளவு உண்மையோ, ஸ்ட்ரோஜரின் யந்திரம் உண்மை. ஸ்விட்ச் என்ற கருவிக்கும் பாரபட்சம் என்ற புகாருக்கும் அன்றே உறவு ஏற்பட்டு விட்டது.

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு டிரங்க் கால் காலம் மறந்திருக்காது. சாதாரணக் கால், அர்ஜண்ட் கால், லைட்னிங் கால் என்று மூன்று தினுசு இருந்தன. சாதாரணக் கால் பதிவு செய்தவர் மணிக் கணக்கில் காத்துக் கிடப்பார். பல மடங்கு கட்டணம் கொடுத்து லைட்னிங் கால் போட்டவர் அவரைத் தாண்டிப் போய்ப் பேசி விடுவார். தந்தியிலும் எக்ஸ்பிரஸ் தந்தி என்று தனி உண்டு. 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்று போயிற்று. டிரங்க் காலும் பழங்கதை ஆகி விட்டது. ஆனால் வரிசை மட்டும் எங்கும் போய் விடவில்லை. டெலிபோன் ஆபீஸில் இருந்த வரிசை பெட்டிக்குள் போய் உட்கார்ந்து கொண்டிருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கம்பியில் போகும் செய்தி முழுசாகப் போவதில்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. இன்ஜினீயர்கள் இதைப் பாக்கெட் என்கிறார்கள். நாம் பொட்டலம் என்று வைத்துக் கொள்ளலாம். சாதாரணமாக ஒரு பெரிய பொட்டலம் 1,500 பைட் அளவு இருக்கும். விநாடிக்கு 100 கோடி பிட் போகக் கூடிய கம்பியில் அது ஏறி இறங்க, ஒரு விநாடியை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் 12 பங்கு நேரம்தான் ஆகும்.

இவ்வளவு வேகம் இருக்கும் போது நெரிசல் எங்கிருந்து வருகிறது? ஓர் ஆபீஸில் 24 கம்ப்யூட்டர்கள் ஒரு பெட்டியில் இணைந்திருக்கின்றன. வெளியே போவதற்கு ஒரே கம்பி. 24 பேரும் ஒரே விநாடியில் அனுப்பினால், 24 தெரு வந்து ஒரு சந்தில் சேருகிற கதைதான். முந்தி வந்தது போகிறது; மற்றவை பெட்டிக்குள் இருக்கும் சிறு கிடங்கில் காத்திருக்கின்றன. கிடங்கும் நிறைந்து விட்டால், புதிதாக வருகிற பொட்டலங்களைப் பெட்டி தூக்கி எறிந்து விடுகிறது. இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. தொலைந்த பொட்டலத்தை அனுப்பியவரே மறுபடி அனுப்புவார். அதோடு, வழியில் நெரிசல் என்று தெரிந்து கொண்டு தம் வேகத்தையும் குறைத்துக் கொள்வார். கடிதமும் கணக்கும் படமும் இந்த முறையில் பத்திரமாக வந்து சேர்ந்து விடும்.

பேச்சின் சமாசாரம் வேறு. இப்போது ஆபீஸ் டெலிபோன் பேச்சும் இதே கம்பியில்தான் போகிறது. பேசுகிற குரலை விநாடிக்கு 50 துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு தாமதமாக வந்தால் அதனால் பயன் இல்லை. மறுபடி அனுப்பினாலும் பயன் இல்லை. அதற்குள் வாக்கியம் முடிந்து போயிருக்கும். பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர, ஒரு விநாடியை 1,000 பங்காக்கினால் அதில் 150 பங்குக்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் சொல்கிறது. அதற்கு மேல் போகப் போக, இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், ஒரே நேரத்தில் நிறுத்துவதும், "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுவதுமாக ஆகி விடும்.

ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். வெளியே போகும் கம்பியில் விநாடிக்கு 2 கோடி பிட் போகலாம். கிடங்கில் 10 லட்சம் பைட் சேர்ந்து நிற்கிறது. கடைசியில் வந்து நின்ற பொட்டலம் வெளியேற 400 பங்கு நேரம் ஆகும். 150 எங்கே, 400 எங்கே? யாரோ ஒருவர் பெரிய வீடியோவை அனுப்பிக் கொண்டிருப்பார். பக்கத்து அறையில் டாக்டர் டெலிபோனில் பேசுவது துண்டு துண்டாகக் கேட்கும். இத்தனைக்கும் பேச்சு கேட்பது மிகக் கொஞ்சம் இடம். ஒரு பேச்சுக்கு விநாடிக்குச் சுமார் 80,000 பிட் போதும். 100 பேர் ஒரே சமயத்தில் பேசினாலும், 100 கோடிப் பிட் கம்பியில் நூற்றில் ஒரு பங்கு கூட ஆகாது. பேச்சுக்கு வேண்டியது அகலமான இடம் அல்ல. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

நெற்றியில் ஒரு முத்திரை

ஆகவே நிபுணர்கள் பொட்டலத்தின் மேல் முத்திரை குத்தும் முறையைக் கொண்டு வந்தார்கள். இன்டர்நெட்டின் அடிப்படை விதிகள் 1981-ல் எழுதப்பட்ட போதே இதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அமெரிக்க ராணுவத்தில் செய்திகளுக்குச் சாதாரணம், முன்னுரிமை, உடனடி, மின்வெட்டு என்று தரம் பிரிக்கும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கமே அதில் நுழைந்தது. 1998-ல் இது திருத்தி அமைக்கப்பட்டது. இப்போது பொட்டலத்தின் தலைப்பில் 64 விதமான எண்கள் எழுத இடம் உண்டு. குரலுக்கு 46 என்ற எண்ணை வழக்கமாகப் போடுகிறார்கள். ஸ்விட்சுகளுக்குள் ஓடும் பொட்டலத்தில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் கொண்ட இன்னொரு முத்திரையும் உண்டு.

இந்த எட்டுப் படிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 7 உயர்ந்தது என்றால் 0-தானே தாழ்ந்தது? அதுதான் இல்லை. எந்த முத்திரையும் இல்லாமல் வருகிற சாதாரணப் பொட்டலத்துக்கு 0. அதற்கும் கீழே இருப்பது 1. "நான் எல்லாருக்கும் பிறகு போகிறேன், எனக்கு அவசரம் இல்லை" என்று சொல்லுகிறவர்களுக்கான இடம் அது. இரவில் நகல் எடுத்து வைக்கும் வேலை போன்றவற்றுக்கு இது பொருத்தம். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பார்கள். எதில் முந்துவது, எதில் பிந்துவது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஏற்பாட்டின் சாரமே.

இனி ஒரு முக்கியமான கேள்வி. முத்திரையைக் குத்துவது யார்? ஒவ்வொருவரும் தம் கம்ப்யூட்டரிலிருந்தே 46 என்று எழுதி அனுப்பலாம். பொட்டலத்துக்கு மனச்சாட்சி கிடையாது. ஆகையால் எந்த இடம் வரை முத்திரையை நம்புவது என்று முதலிலேயே ஒரு கோடு கிழிக்க வேண்டும். மேஜை மேல் இருக்கும் டெலிபோனை நம்பலாம். அதன் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை நம்பாமல், வாசலில் உள்ள ஸ்விட்சே அதன் முத்திரையை அழித்து, தானே புது முத்திரை குத்தலாம். வாசலில் டிக்கட் பரிசோதனை இல்லாத ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம்.

எல்லாரும் பல்லக்கில் ஏறினால்?

முத்திரையைப் பார்த்துப் பெட்டி என்ன செய்யும்? இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதல் வழி கண்டிப்பானது. உயர்ந்த வரிசையில் ஒரு பொட்டலம் இருக்கிற வரை மற்ற வரிசைகளைத் திரும்பியே பார்க்காது. குரலுக்கு இது நல்லது. ஆனால் உயர்ந்த வரிசையில் கூட்டம் சேர்ந்து விட்டால், கீழ் வரிசைகள் பட்டினிதான். இன்ஜினீயர்களே இதற்குப் பட்டினி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழி பங்கீடு. இந்த வரிசைக்கு நாலு, அந்த வரிசைக்கு இரண்டு, மற்றதற்கு ஒன்று என்று முறை வைத்து விடுவது. யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அவசரமும் ஓரளவு தீரும். அனுபவசாலிகள் இரண்டையும் கலந்து வைக்கிறார்கள். கண்டிப்பான வரிசை ஒன்றே ஒன்று. அதுவும் கம்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காதபடி வரம்பு கட்டியது. மற்றவற்றுக்குப் பங்கீடு.

மூன்றாவதாக ஒரு யோசனையும் உண்டு. 1985-ல் ஜான் நேகிள் என்ற அமெரிக்க நிபுணர் சொன்னது அது. முக்கியம், அமுக்கியம் என்று எதையும் பார்க்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை போட்டு, ஆளுக்கு ஒன்று என்று முறை வைத்து அனுப்பி விட்டால், ஒருவர் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து குவித்தாலும் அடுத்தவர் பாதிக்கப்பட மாட்டார். ரேஷன் கடையில் கார்டுக்கு இத்தனை என்பது போல. இன்று வீடுகளில் வைக்கும் பல ரூட்டர்களில் இந்த யோசனையின் வாரிசுகள் வேலை செய்கின்றன.

எந்த வழியை எடுத்துக் கொண்டாலும் ஓர் உண்மை மாறாது. முன்னுரிமை என்பது கம்பியில் ஒரு பிட் இடத்தைக் கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஒருவரை முன்னால் விட்டால் இன்னொருவர் பின்னால் போகிறார். கம்பி எப்போதும் காலியாக இருந்தால் முன்னுரிமைக்கு வேலையே இல்லை. எப்போதும் நிரம்பி வழிந்தால், முன்னுரிமையால் குறை தீராது. பெரிய கம்பிதான் போட வேண்டும். இடையிடையே சில நிமிஷம் நெரிசல் வந்து போகிற இடத்தில்தான் இந்தத் திட்டத்துக்கு மதிப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் இன்டர்நெட்-2 என்ற அமைப்பு, உயர்தர வரிசை ஒன்றை நாடு முழுவதும் ஏற்படுத்திப் பார்க்க முயன்றது. 2002-ல் அதைக் கைவிட்டது. ஒவ்வோர் ஊர்ப் பெட்டியிலும் காவலும் கணக்கும் வைப்பதை விடக் கம்பியை அகலப்படுத்துவது சுலபம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஓர் ஆபீஸில் இந்தத் திட்டம் போட உட்காரும் போது நடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். கணக்குப் பிரிவு எங்களுடையதே முக்கியம் என்னும். விற்பனைப் பிரிவு வருமானமே எங்களால்தான் என்னும். மேலதிகாரி, தம்முடைய வீடியோக் கூட்டம் நிற்கக் கூடாது என்பார். எல்லாரையும் திருப்தி செய்ய எல்லாருக்கும் 46 கொடுத்தால், பழைய வரிசையே மறுபடி வந்து சேரும். "எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்?" என்ற பழமொழி ஸ்விட்சுக்கும் பொருந்தும். ஆகையால் "யார் முக்கியம்?" என்று கேட்பதை விட்டு, "யாரால் காத்திருக்க முடியும்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்லலாம். குரலால் காத்திருக்க முடியாது. கடிதத்தால் முடியும். நகல் எடுக்கும் வேலையால் விடியும் வரை முடியும். பதவி இதில் வருவதே இல்லை.

ஆபீஸைத் தாண்டி ஊர்ப் பாதைக்கு

இதுவரை பேசியது ஒருவர் தம் சொந்தக் கட்டிடத்துக்குள் செய்து கொள்ளும் ஏற்பாடு. கம்பி அவருடையது, பெட்டி அவருடையது, வரிசையை அவரே வகுக்கலாம். வாசலைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. உள்ளே குத்திய முத்திரையை வெளியே உள்ள கம்பெனி மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது சாதாரணப் பொட்டலம்தான். அந்தப் பொதுப் பாதையில் வரிசையை வகுக்கும் சக்தி கம்பெனியின் கையில் இருக்கிறது. அதே கம்பெனி, வரிசையில் முன்னால் நிற்கும் உரிமையை விலைக்கு விற்கலாமா? இதுதான் நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணைய நடுநிலை என்று பெயர் பெற்ற சர்ச்சை.

அமெரிக்காவில் இந்த விஷயம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பணம் வாங்கிக் கொண்டு முன்னுரிமை கொடுக்கக் கூடாது என்று மத்தியத் தகவல் தொடர்புக் கமிஷன் 2015-ல் விதி செய்தது. ஆட்சி மாறிய பின் 2017 டிசம்பரில் அதே கமிஷன் அந்த விதியை நீக்க ஓட்டளித்தது. மறுபடி ஆட்சி மாறி, 2024 ஏப்ரலில் விதி திரும்பி வந்தது. 2025 ஜனவரியில், அப்படி விதி செய்யக் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை என்று அப்பீல் கோர்ட் தள்ளி விட்டது. இதற்கிடையே கலிபோர்னியா மாகாணம் 2018-ல் தன் எல்லைக்குள் சொந்தமாகச் சட்டம் செய்து கொண்டது. அதற்குத் தடை விதிக்க 2022-ல் அப்பீல் கோர்ட் மறுத்து விட்டது.

இந்தியாவில் கதை இவ்வளவு சுற்றவில்லை. 2015 மார்ச்சில் டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் அபிப்பிராயத்தைக் கேட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின் கடிதங்கள் குவிந்தன. சில இணையதளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் திட்டங்கள் அப்போது கிளம்பியிருந்தன. பேஸ்புக்கின் ப்ரீ பேசிக்ஸ் அவற்றில் பிரபலமானது. 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தீர்ப்புச் சொன்னது. பார்க்கும் விஷயத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் வீதம், 50 லட்ச ரூபாய் வரை அபராதம். 2018 ஜூலையில் சர்க்கார் ஒரு படி மேலே போயிற்று. கட்டணத்தில் மட்டுமன்றி, பொட்டலங்களைத் தடுப்பதிலும் தாமதிப்பதிலும் முன்னே தள்ளுவதிலும் பாரபட்சம் கூடாது என்ற கொள்கையை ஏற்றுக் கொண்டது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான ஏற்பாடு செய்யலாம். ஆனால் அது தேவைக்கு மிஞ்சாமலும் தற்காலிகமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். விசேஷ ரகச் சேவைகளுக்கு விலக்கு உண்டு.

இந்த விலக்குத்தான் இப்போது கவனிக்க வேண்டிய இடம். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தது. ஒரே ரேடியோ நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி வேகம், தனி உத்தரவாதம் கொடுக்க 5ஜி-யில் வசதி உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்றால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அதே கத்தியால், பணம் உள்ளவருக்கு ஒரு துண்டு, இல்லாதவருக்கு மிச்சம் என்றும் அரியலாம். விசேஷ ரகம் என்ற வாசலை எவ்வளவு அகலமாகத் திறப்பது என்பதில்தான் இனி வரப் போகிற சண்டைகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

தீயணைக்கப் போனவர்களுக்கு நேர்ந்தது

முன்னுரிமையே கூடாது என்று சொல்லி விடலாமா? அதுவும் சரியல்ல. 2018 கோடையில் வட கலிபோர்னியாவில் மெண்டசினோ காட்டுத் தீ பரவிய போது நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புப் படையினர் ஒரு வாகனத்தைக் கொண்டு போனார்கள். எந்த வண்டி எங்கே போக வேண்டும், எந்த ஆட்கள் எங்கே வேண்டும் என்பதை ஒருங்கிணைக்கும் வாகனம் அது. அதன் இன்டர்நெட் இணைப்பு வெரைஸன் கம்பெனியுடையது. மாதாந்தர வரம்பு தாண்டி விட்டது என்று கம்பெனியின் யந்திரம் வேகத்தைக் குறைத்தது. வழக்கமான வேகத்தில் 200-ல் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் மிஞ்சியது என்று படைத் தலைவர் ஆன்டனி போடன் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறும்படி தங்களுக்குச் சொல்லப்பட்டது என்றும் அதில் கூறினார். படையினர் தங்கள் சொந்தப் போன்களையும் வேறு இணைப்புகளையும் வைத்துச் சமாளித்தார்கள்.

இது இணைய நடுநிலை சம்பந்தப்பட்டதல்ல, வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் நேர்ந்த தவறு என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. நெருக்கடிக் காலத்தில் வேகக் கட்டுப்பாட்டை நீக்குவதே தன் வழக்கம் என்றும் சொன்னது. அதை அப்படியே ஏற்றுக் கொண்டாலும் நமக்கு ஒரு பாடம் மிஞ்சுகிறது. பெட்டி தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகவே செய்தது. தீ பிடித்தால் என்ன செய்வது என்பதை அதனிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு, போன் எடுக்கும் ஓர் ஊழியரின் தலையில் விழுந்தது. பிற்பாடு 2019-ல், கமிஷன் 2017-ல் செய்த முடிவைப் பெரும்பாலும் அனுமதித்த வாஷிங்டன் அப்பீல் கோர்ட், பொதுமக்கள் பாதுகாப்பைப் பற்றிக் கமிஷன் சரியாக யோசிக்கவில்லை என்று குட்டு வைத்து, அந்தப் பகுதியைத் திருப்பி அனுப்பியது.

யோசித்து வைத்ததற்கும் அதே நாட்டில் உதாரணம் இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலின் போது போலீசும் தீயணைப்புப் படையும் ஒருவரோடொருவர் பேச முடியாமல் தவித்தார்கள். அந்த அனுபவத்தின் மேல் 2012-ல் சட்டம் செய்து, பர்ஸ்ட்நெட் என்ற தனி நெட்வொர்க்கை ஏற்படுத்தினார்கள். அதில் மீட்புப் படையினருக்கு முன்னுரிமை உண்டு. தேவைப்பட்டால் மற்றவர்களின் இணைப்பை விலக்கி விட்டு அவர்களுக்கு இடம் கொடுக்கவும் வழி உண்டு.

நம் நாட்டிலும் சட்டத்தில் இடம் ஏற்பட்டிருக்கிறது. 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-வது பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. வெள்ளம், புயல் போன்ற பொது நெருக்கடியில், மீட்பு வேலைக்கென்று அனுமதி பெற்றவர்களின் செய்திகளை முன்னுரிமையோடு அனுப்ப ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை அது சர்க்காருக்குத் தருகிறது. 1860-ல் சர்க்கார் தந்திக்குக் கொடுத்த விலக்கு, இப்போது மீட்பு வேலைக்கு என்று இன்னும் குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. நல்ல மாறுதல். ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி இருப்பதால் மட்டும் பொட்டலம் முந்தி விடாது. அந்த வரி ஒவ்வொரு கம்பெனியின் ஒவ்வொரு பெட்டியிலும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். யாருடைய போன், எந்த முத்திரை, எத்தனை இடம், எவ்வளவு நேரம் என்று தீர்மானித்து, வெயில் அடிக்கும் நாளிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஸ்விட்சுக்குப் பாடம் சொல்ல முடியாது.

2020 மார்ச்சு மாதத்தில் கிடைத்த அனுபவத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டில் உட்கார்ந்து கொண்டு இன்டர்நெட்டை நம்பியது. ஐரோப்பிய யூனியன் கேட்டுக் கொண்டதன் பேரில், நெட்பிளிக்ஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் படங்களின் தரத்தைக் குறைத்துக் கொண்டன. அதனால் அங்கே தன் போக்குவரத்தில் நாலில் ஒரு பங்கு குறையும் என்று நெட்பிளிக்ஸ் கூறியது. இந்தியாவிலும் படக் கம்பெனிகள் செல்போனுக்கு அனுப்பும் படத்தின் தரத்தைச் சில வாரங்களுக்குக் குறைக்க ஒத்துக் கொண்டன. யாரையும் முன்னால் தள்ளாமல், காத்திருக்கக் கூடியவர் சற்று ஒதுங்கிக் கொண்டதாலேயே பாதையில் இடம் பிறந்தது. முத்திரை எண் 1 செய்கிற வேலையை அன்று கம்பெனிகள் தாங்களே செய்தன.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முன்னுரிமை நல்லதா, கெட்டதா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒரு திட்டத்தை எடை போட மூன்று கேள்விகள் போதும். ஆபீஸ் ஸ்விட்சுக்கும் அவை பொருந்தும். நாட்டின் நெட்வொர்க்குக்கும் பொருந்தும்.

முந்துவது எதனால்? காத்திருந்தால் கெட்டுப் போகும் என்பதாலா, அல்லது பணமும் பதவியும் இருப்பதாலா? முன்னது நியாயம். பின்னது பழைய லைட்னிங் கால்.

அதற்கு வரம்பு உண்டா? ஆம்புலன்சுக்கு வழி விடலாம். ஊரில் உள்ள கார்கள் எல்லாம் சங்கு ஊதிக் கொண்டு வந்தால் ஆம்புலன்ஸும் நின்று விடும்.

காத்திருப்பவருக்கு அது தெரியுமா? வரிசை எந்த விதிப்படி நகருகிறது என்பதை வரிசையில் நிற்பவர் அறிந்து கொள்ள வேண்டும். டிரங்க் கால் போட்டவருக்குத் தாம் சாதாரண வரிசையில் நிற்பது தெரிந்திருந்தது. எட்டணா கூடக் கொடுக்கவோ, பொறுத்துக் கொள்ளவோ அவரே முடிவு செய்தார். இன்றைக்கு வீடியோ பாதியில் நின்று சுழலும் போது, கம்பி போதவில்லையா, யாராவது முந்திப் போகிறார்களா, கம்பெனி வேகத்தைக் குறைத்து விட்டதா என்று சொல்லுவார் இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் வழக்கம் போல் சிமிட்டிக் கொண்டிருக்கும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு இன்ஜினீயரும் சட்டமும் விடை சொல்லி விடலாம். மூன்றாவது கேள்வியைக் கட்டணம் கட்டுகிற நாம்தான் கேட்க வேண்டும். 2015-ல் பத்து லட்சம் பேர் கேட்டார்கள், பதில் கிடைத்தது. 5ஜி துண்டுகளுக்கு விலை போடும் காலத்திலும் கேட்டால்தான் கிடைக்கும்.